வலிமை வந்த நாளே கணக்கும் தொடங்குகிறது

 

நம் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று நாம் அடிக்கடி கவலைப்படுகிறோம். பார்த்ததிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று மிக அரிதாகவே கேட்கிறோம். சாகச நாயகர்களின் கதைகளைப் பொறுத்தவரை நம்மிடையே இரண்டு குரல்கள்தாம் ஒலிக்கின்றன. ஒன்று, "இவை அனைத்தும் ஷிர்க், அணைத்துவிடு" என்கிறது. மற்றொன்று, "வெறும் கதைதானே, பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்கிறது. இரண்டுமே அந்தக் கதைக்குள் நுழைந்து பார்க்க மறுக்கின்றன. ஆகவே அக்கதைகளில் ஒன்றை எடுத்து, அது இளைஞனின் உள்ளத்தில் எதை விதைக்கிறது என்பதை ஆராய விழைகிறோம்.

நாம் எடுத்துக்கொண்டது 'ஸ்மால்வில்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். சூப்பர்மேன் என்னும் நாயகனின் வளரிளம் பருவத்தைச் சொல்லும் கதை இது. 2001 அக்டோபரில் தொடங்கி 2011 மே மாதம் முடிந்தது. பத்து சீசன்கள், 200க்கும் மேற்பட்ட பகுதிகள். முதல் பகுதியை மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 84 லட்சம் பேர் பார்த்தனர். இளம் நாயகர்களைப் பற்றிப் பின்னாளில் வந்த பல தொடர்கள் இது போட்ட பாதையிலேயே நடந்தன. எனவே இதன் குறை இத்தொடரோடு நிற்கும் குறையன்று.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இத்தொடரைப் பாருங்கள் என்று நாம் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. மார்க்கம் ஏற்காத உறவுகளும் காட்சிகளும் அதில் உண்டு. ஆனால் அவற்றைக் காட்டிலும் ஆழமான ஒரு தவறு அதில் இருக்கிறது. கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும் பிள்ளையும் அதை அறியாமல் விழுங்கிவிடக்கூடும். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

கதையின் சாரம்

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஸ்மால்வில் என்றொரு கற்பனைச் சிற்றூர். 1989ஆம் ஆண்டு அவ்வூரின் மீது விண்கற்கள் மழையாகப் பொழிகின்றன. அக்கற்களோடு ஒரு சிறு விண்கலமும் வந்து விழுகிறது. அதனுள் ஒரு குழந்தை. பிள்ளையில்லாத விவசாயத் தம்பதியரான ஜொனாதன் கென்ட்டும் மார்த்தா கென்ட்டும் அக்குழந்தையைக் கண்டெடுத்து, கிளார்க் எனப் பெயரிட்டு வளர்க்கின்றனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடர் ஆரம்பமாகிறது. கிளார்க் இப்போது உயர்நிலைப் பள்ளி மாணவன். எவரும் காணாத வேகத்தில் ஓடுகிறான், எதையும் தூக்குகிறான். பாலத்திலிருந்து காரோடு ஆற்றில் விழும் லெக்ஸ் லூதர் என்னும் செல்வந்தரின் மகனைக் காப்பாற்றுகிறான். இருவரும் நண்பர்களாகின்றனர். அந்த லெக்ஸ்தான் பிற்காலத்தில் சூப்பர்மேனின் கொடிய பகைவனாக மாறப்போகிறவன். நட்பு எப்படிப் பகையானது என்பதே பல சீசன்களுக்குத் தொடரின் முதுகெலும்பு.

இத்தொடரை உருவாக்கிய ஆல்ஃபிரெட் கோ, மைல்ஸ் மில்லர் ஆகிய இருவரும் தமக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டனர். நாயகன் தன் புகழ்பெற்ற உடையை அணியக் கூடாது, பறக்கவும் கூடாது. பத்து ஆண்டுகள் கழித்து, இறுதிப் பகுதியில்தான் அவன் அந்த உடையை ஏந்திப் பறந்து உலகைக் காக்கிறான். கதை சொல்வோருக்கு இது நல்ல உத்தி. ஆனால் பார்க்கும் பிள்ளைக்கு இது எதைக் கற்றுத்தருகிறது?

"இன்னும் வேளை வரவில்லை"

இளமை என்பது ஒரு காத்திருப்பு அறை என்று அது கற்றுத்தருகிறது. 'நீ யார் என்பது பின்னால் தெரியும். உன் விதி உன்னை ஒருநாள் அழைக்கும். அதுவரை குழம்பலாம், தடுமாறலாம், காதலிக்கலாம், பொய் சொல்லலாம். அவை யாவும் வளர்ச்சியின் பகுதி' என்னும் செய்தி பகுதிக்குப் பகுதி மெல்ல ஊட்டப்படுகிறது. கிளார்க் பள்ளியை முடித்துவிடுகிறான், பதின்பருவத்தைக் கடந்துவிடுகிறான், வேலைக்கும் போய்விடுகிறான். அப்போதும் 'இன்னும் இல்லை' என்னும் அதே பல்லவிதான்.

மார்க்கத்தின் கண்ணோட்டம் இதற்கு நேர்மாறானது. ஒரு பிள்ளை பருவமடைந்த அன்றே அவன்மீது தொழுகை கடமையாகிறது, நோன்பு கடமையாகிறது, அவனுடைய நன்மையும் தீமையும் அவன் பெயரிலேயே எழுதப்படத் தொடங்குகின்றன. பருவமடைந்த அடையாளங்கள் தோன்றாவிட்டாலும், பிறை ஆண்டுக் கணக்கில் 15 வயது நிறைவடைந்தால் அவன் பொறுப்புக்குரியவன் என்று இமாம்கள் பலர் கூறியுள்ளனர். இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி நாம் அறிந்ததே. உஹதுப் போரின்போது அவர்களுக்கு வயது 14. நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளிக்கவில்லை. அகழ்ப் போரின்போது வயது 15, அனுமதி அளித்தார்கள். இந்தச் செய்தியைக் கேட்ட கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சிறுவனுக்கும் பெரியவனுக்கும் இடையிலான எல்லைக்கோடு இதுவே என அறிவித்தார்கள்.

குழந்தைப் பருவம் முடிந்தபின் பொறுப்பில்லாத இன்னொரு பருவத்தை நம் மார்க்கம் எவருக்கும் இடையில் வைக்கவில்லை. மறுமையில் மனிதன் தன் இளமையை எதில் செலவழித்தான் எனத் தனியாக விசாரிக்கப்படுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வாழ்நாளைப் பற்றிய கேள்வி ஒன்று இருக்கும்போதே இளமைக்கென்று தனிக் கேள்வி ஏன்? வலிமை பொங்கும் காலம் அதுதான் என்பதால். நிழலே இல்லாத அந்நாளில் அல்லாஹ்வின் நிழல் கிடைக்கும் எழுவகையினரில், இறைவணக்கத்தில் வளர்ந்த இளைஞனும் ஒருவன்.

சிலைகளை உடைத்த இப்ராஹீம் (அலை) அவர்களை அவர்களுடைய சமூகத்தார் 'ஓர் இளைஞர்' என்றே குறிப்பிட்டதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. கொடுங்கோலனின் நாட்டைவிட்டு வெளியேறிக் குகையில் தஞ்சம் புகுந்தவர்களும் இளைஞர்களே. உமர் (ரலி) போன்ற மூத்தோர் இருக்கும்போது உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களிடம் படைத் தலைமை ஒப்படைக்கப்பட்டபோது அவர்களுக்கு வயது ஏறத்தாழ 18. இவர்களில் எவரும் விதி தம்மை அழைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அழைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது என்று அறிந்திருந்தார்கள்.

இங்கே நாம் தொடரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நகர முடியாது. "பையன் ப்ளஸ் டூ முடிக்கட்டும், பிறகு ஐவேளைத் தொழுகைக்கு வருவான்". "நீட் தேர்வு முடியட்டும், பிறகு நோன்பு பிடிப்பான்". "கல்யாணம் ஆனால் தானாகப் பொறுப்பு வந்துவிடும்" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது எந்தத் தொடரின் வசனம்? ஹாலிவுட் எழுத்தாளர்கள் பத்து ஆண்டுகள் ஒத்திவைத்தார்கள். நாமோ திருமணம் வரை ஒத்திவைக்கிறோம். பிள்ளையின் கையில் பைக் சாவியைக் கொடுக்கும்போது பெரியவனாகத் தெரிபவன், ஃபஜ்ருக்கு எழுப்ப வேண்டிய வேளையில் மட்டும் குழந்தையாகிவிடுவது எப்படி?

இரகசியம் வேறு, பொய் வேறு

தொடரின் இரண்டாவது நச்சு இதைக் காட்டிலும் நுட்பமானது. தன் ஆற்றலை வெளியே சொல்லக் கூடாது என்று கிளார்க்கின் பெற்றோர் அவனைப் பணிக்கிறார்கள். வெளியே தெரிந்தால் அவனைப் பிடித்துச் சோதனைக்கூடத்தில் அடைத்துவிடுவார்கள் என்னும் அச்சம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த இரகசியத்தைக் காக்க அவன் கையாளும் கருவி பொய். லெக்ஸிடம் பொய், நேசிக்கும் பெண்ணான லானாவிடம் பொய், தோழி க்ளோயியிடம் பொய். ஒரு பகுதியில் சொன்ன பொய்யைக் காக்க அடுத்த பகுதியில் இன்னொன்று. இரண்டாம் சீசனில் உண்மையை அறிந்துகொள்ளும் நண்பன் பீட், அந்த இரகசியத்தின் சுமை தாங்காமல் அடுத்த சீசனின் முடிவில் ஊரைவிட்டே போய்விடுகிறான்.

பொய்யின் விளைவைத் தொடர் மறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லெக்ஸின் நட்பு கெட்டதில் கிளார்க்கின் பொய்களுக்கும் பங்குண்டு என்பது பார்ப்பவர்க்குத் தெரியும். ஆனால் 2006 ஜனவரியில் ஒளிபரப்பான 100ஆவது பகுதியில் தொடர் தன் உண்மையான தீர்ப்பை எழுதுகிறது. அதில் கிளார்க் துணிந்து லானாவிடம் எல்லா உண்மையையும் சொல்கிறான். அன்றிரவே அவள் விபத்தில் இறந்துபோகிறாள். அவன் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, அதே நாளை மீண்டும் வாழ்கிறான். இம்முறை உண்மையைச் சொல்லாமல் விடுகிறான். அவள் பிழைத்துக்கொள்கிறாள். அவளுக்கு ஈடாக அவனுடைய வளர்ப்புத் தந்தை ஜொனாதன் மாரடைப்பில் இறக்கிறார். உண்மை சொன்னால் ஓர் உயிர் போகும். மறைத்தால் அவ்வுயிர் பிழைக்கும். நூறு பகுதிகளாகக் காத்திருந்த பிள்ளைக்கு அந்த இரவு கிடைத்த பாடம் இதுதான்.

இதற்கு எதிரே கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாற்றை வையுங்கள். தபூக் பயணத்தில் காரணமின்றிப் பின்தங்கியவர்கள் அவர்கள். பின்தங்கிய எண்பதுக்கும் மேற்பட்டோர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து சாக்குப்போக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டனர். வாதத் திறமை மிக்க கஅப் (ரலி) அவர்களாலும் ஒரு பொய்யைப் புனைந்திருக்க முடியும். 'எந்தக் காரணமும் எனக்கு இல்லை' என்று உண்மையையே சொன்னார்கள். விளைவு என்ன? ஐம்பது நாள்கள் ஊரே அவர்களுடன் பேசவில்லை. பூமி விரிந்திருந்தும் அவர்களுக்கு நெருக்கடியாயிற்று. உண்மை அவர்களைத் தண்டித்ததைப் போலவே தோன்றியது. பிறகு, அவர்களையும் அவர்களுடன் இருந்த இருவரையும் மன்னித்துவிட்டதாக அல்லாஹ்வே அறிவித்தான். பொய் சொன்னவர்களின் கதி என்ன என்பதும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. உண்மைக்கு விலை உண்டு என்பதை மார்க்கம் மறைக்கவில்லை. அந்த விலையைக் கொடுத்தவர் நஷ்டமடைவதில்லை என்று உறுதி கூறுகிறது.

"அப்படியானால் இரகசியமே கூடாதா?" என்று பிள்ளை கேட்டால், அதற்கும் நம்மிடம் அழகிய விடை உண்டு. அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அவர்களை அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் உம்மு சுலைம் (ரலி) காரணம் கேட்டார்கள். நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார் சிறுவர். என்ன வேலை என்று தாயார் கேட்க, அது இரகசியம் என்றார். தாயார் சினம் கொண்டார்களா? இல்லை. அப்படியானால் அல்லாஹ்வின் தூதருடைய இரகசியத்தை எவரிடமும் சொல்லாதே என்று மகனைத் தட்டிக்கொடுத்தார்கள். பல்லாண்டுகள் கழித்துத் தம் அணுக்க மாணவரிடமும் அதை அனஸ் (ரலி) சொல்லவில்லை. அச்சிறுவர் இரகசியத்தைக் காத்தார். அதற்காக ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொள்வதற்கும் வாயால் ஏமாற்றுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பத்துச் சீசன்களில் அந்த நாயகனுக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

ஒரே கல், வெவ்வேறு பிள்ளைகள்

இனி, தொடரில் நியாயமானது எதுவோ அதையும் சொல்வோம். நீதியை விட்டுவிட்டு வாதாடுவது முஸ்லிமுக்கு அழகன்று.

விண்கற்களின் தாக்கத்தால் அவ்வூரின் வேறு பல பிள்ளைகளுக்கும் விசித்திர ஆற்றல்கள் வந்துவிடுகின்றன. முதல் சீசன்களில் ஏறக்குறைய வாரம் ஒருவராக அப்படிப்பட்டவர் தோன்றுகிறார். பள்ளியில் கேலிக்கு ஆளானவன் ஆற்றல் கிடைத்ததும் பழி தீர்க்கப் போகிறான். ஒருதலையாக ஆசைப்பட்டவன் அந்தப் பெண்ணைச் சிறைப்பிடிக்கிறான். அவர்களில் பலர் கடைசியில் மனநோய் விடுதியில் அடைக்கப்படுகிறார்கள். ஆற்றல் எல்லோருக்கும் கிடைத்தது. கிளார்க் மட்டும் அதைக் கொண்டு பிறரை வதைக்கவில்லை. ஏன்?

தொடர் தரும் விடை அவனுடைய வீடு. செல்வந்தன் லெக்ஸ் நன்றிக்கடனாக ஒரு புத்தம் புதிய வண்டியைக் கிளார்க்குக்குப் பரிசளிக்கும்போது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார் ஜொனாதன். கடனில் தத்தளிக்கும் விவசாயி அவர். கால்பந்து அணியில் சேர ஆசைப்படும் மகனைத் தடுக்கிறார். அவனுடைய வேகத்தில் மற்றப் பிள்ளைகள் காயப்பட்டுவிடுவார்கள் என்பது காரணம். மகன் கோபப்படுகிறான். தந்தை அவனோடு அமர்ந்து பேசுகிறார். அடுக்களை மேசையைச் சுற்றியே அந்தக் குடும்பத்தின் பெரும்பாலான உரையாடல்கள் நிகழ்கின்றன. மறுபக்கத்தில் லெக்ஸின் தந்தை லயனல், மகனுக்குக் கோடிகளைக் கொடுத்தார், சூழ்ச்சியைக் கற்றுக்கொடுத்தார். மகனுடன் அமர்ந்து பேசவில்லை. இரண்டு தந்தையர், இரண்டு மகன்கள். ஒருவன் நாயகன், மற்றவன் கொடியவன்.

இந்த இடத்தில் நாம் தலைகுனிந்து சிந்திக்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் அத்தொடரில் ஆற்றலைத்தான் ரசிக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். தன்னோடு உட்கார்ந்து பேசும் ஒரு தந்தையைத்தான் அவர்களில் பலர் ரசிக்கிறார்களோ? வளைகுடாவில் உழைக்கும் வாப்பாவை இரண்டாண்டுக்கு ஒருமுறை காணும் பிள்ளை, வீட்டிலிருந்தும் கைபேசியை விட்டுத் தலை நிமிராத அத்தாவைக் கொண்ட பிள்ளை, அந்த மேசைக் காட்சியை எப்படிப் பார்ப்பான்? மகனுக்கு லுக்மான் (அலை) அவர்கள் கூறிய அறிவுரைகளைத் திருக்குர்ஆன் ஓர் அத்தியாயத்தில் பதிவு செய்து, அந்த அத்தியாயத்துக்கு அவர்கள் பெயரையே சூட்டியிருக்கிறது. இணைவைக்காதே, தொழுகையை நிலைநாட்டு, பெருமையோடு முகத்தைத் திருப்பாதே, குரலைத் தாழ்த்து என்ற கருத்துகளை 'என் அருமை மகனே' என்னும் பரிவோடு அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். நம் வீடுகளில் லுக்மானின் இருக்கை காலியாக இருந்தால், கேன்சஸ் விவசாயி ஒருவர் வந்து அமரத்தான் செய்வார்.

இருந்தும் அந்த விவசாயியிடம் ஒன்று இல்லை. மகனை அடக்கினார்; அன்பு செலுத்தினார்; நேர்மையைப் போதித்தார். இந்த ஆற்றலை உனக்குத் தந்தவன் யார், அதற்காக நீ யாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தைத் தொடர் வேறொன்றால் நிரப்புகிறது. மறைந்துபோன கோளிலிருந்து பெற்ற தந்தையின் செய்தி வருகிறது. மனிதர்களிடையே நீ கடவுளைப் போல் விளங்குவாய், வலிமையால் அவர்களை ஆள்வாய் என்பது அதன் கருத்து. கிளார்க் அதைக் கேட்டு அஞ்சி மறுக்கிறான் என்பது உண்மை. ஆனால் தொடக்கப் பகுதியிலேயே அவன் மக்காச்சோள வயலில் பொம்மையைப் போல் மரத்தில் கைவிரித்துக் கட்டப்பட்டுத் தொங்கும் காட்சியும், பத்தாண்டு கழித்து உலகைக் காக்கும் மீட்பனாக அவன் வானில் எழுவதும் ஒரே நூலில் கோக்கப்பட்டவை. அது எந்தச் சமயத்தின் படிமம் என்பதை விளக்கத் தேவையில்லை. காப்பவன் அல்லாஹ் ஒருவனே. வலிமை மிக்க மனிதனும் அவனுடைய அடிமையே என்னும் தவ்ஹீதைக் கற்ற பிள்ளை இந்தக் காட்சியை அடையாளம் கண்டுகொள்வான். கற்காத பிள்ளையிடமிருந்து தொலைக்காட்சியைப் பறிப்பதால் தவ்ஹீத் வந்துவிடாது.

வலிமையும் அமானிதமும்

சூப்பர்மேனை முதலில் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரண்டு யூத இளைஞர்கள். 1938இல் அச்சில் வந்த அப்பாத்திரத்தின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு, நாயகனின் சிறுவயதுக் கதைகளை எழுதலாம் என்று சீகல் முன்வைத்த யோசனையைப் பதிப்பகம் முதலில் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அவர் இராணுவப் பணியில் இருந்தபோது, அவருக்குத் தெரியாமலேயே அக்கதையை வெளியிட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. கோடிகளை ஈட்டித் தந்த நாயகனைப் படைத்த இருவரும் வறுமையில் வாடி, 1975இல் செய்தி ஊடகங்களில் குரல் எழுப்பிய பிறகே ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை பெற்றார்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நீதிக்காகப் போராடும் நாயகனின் இளமைக் கதை, அதைச் சிந்தித்தவருக்கே இழைக்கப்பட்ட அநீதியோடு பிறந்தது. அமானிதம் இல்லாத இடத்தில் நீதியைப் பற்றிய கதைகள் எத்தனை இருந்தாலும் பயனில்லை.

பேழையில் வைத்து அனுப்பப்பட்டு, வேறொரு வீட்டில் வளர்ந்த குழந்தையின் உண்மை வரலாறு நம்மிடம் இருக்கிறது. மூஸா (அலை) அவர்களைத் தாயார் ஆற்றில் விட்டார்கள். ஃபிர்அவ்னின் அரண்மனையில் அவர்கள் வளர்ந்தார்கள். உடல் வலிமையும் பெற்றிருந்தார்கள். சூரா அல்கஸஸ் அந்த இளமையை விரிவாகச் சொல்கிறது. அதைத் தொடரோடு மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது, வலிமை தவறும் இடம். தொடரில் சிவப்பு நிற விண்கல் ஒன்று கிளார்க்கின் கட்டுப்பாடுகளை நீக்கிவிடுகிறது. குற்ற உணர்விலிருந்து தப்பிக்க அறிந்தே அந்தக் கல் பதித்த மோதிரத்தை அணிந்துகொண்டு, நகரத்துக்கு ஓடி, கொள்ளையும் அடிக்கிறான். மோதிரம் கழன்றதும் பழி பெரும்பாலும் கல்லோடு போய்விடுகிறது. போதையில் செய்ததைப் போதையின் தலையில் கட்டும் பழக்கம் இது. மூஸா (அலை) அவர்களின் ஒரு குத்தில் ஒருவன் மாண்டுபோனான். கொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. இருந்தும் அந்தக் கணமே, தமக்குத் தாமே அநீதி இழைத்துவிட்டதாக இறைவனிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

இரண்டாவது, வலிமை உதவும் இடம். மத்யன் நகரின் கிணற்றருகே இரண்டு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். நாட்டைவிட்டு ஓடிவந்த, பசியோடிருந்த மூஸா (அலை) அவர்கள் காரணம் கேட்டறிந்து, அவர்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். பிறகு நிழலில் ஒதுங்கி, தம் தேவையை இறைவனிடம் முறையிட்டார்கள். பேச்சை வளர்க்கவில்லை, பரிசு எதிர்பார்க்கவில்லை. அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் அவர்களைப் பணிக்கு அமர்த்தச் சொன்னபோது இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டார்: வலிமையானவர், நம்பிக்கைக்குரியவர். முதல் தகுதியைப் பற்றி 200 பகுதிகள் எடுக்கலாம். இரண்டாவது இல்லையென்றால் முதலாவதால் உலகுக்கு ஆபத்தே மிஞ்சும்.

மூன்றாவது, காத்திருப்பு. மூஸா (அலை) அவர்களும் தூதுத்துவத்துக்கு முன் காத்திருந்தார்கள். எட்டு ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம். விரும்பினால் பத்தாக நிறைவு செய்யலாம். அவர்கள் கூடுதலான காலத்தையே நிறைவு செய்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அதுவும் பத்து ஆண்டுகள்தான். அந்தப் பத்தாண்டுகளில் அவர்கள் ஆடு மேய்த்தார்கள். கொடுத்த வாக்கைக் காத்தார்கள். மணம் முடித்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள். மாபெரும் பணி பிறகு வந்தது. கடமைகள் பிறகு வரவில்லை.

நாம் செய்ய வேண்டியது

முதலில், பிள்ளை பருவமடைவதை வீட்டில் ஒரு பொறுப்பின் தொடக்கமாக உணர்த்துவோம். ஆண் பிள்ளையாயினும் பெண் பிள்ளையாயினும், 'இன்றிலிருந்து உன் ஏட்டில் எழுதப்படுகிறது' என்று அன்போடு சொல்லும் ஒரு பெரியவர் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குச் சடங்கு என்ற பெயரில் செலவைச் செய்துவிட்டு, தொழுகையின் சட்டங்களைச் சொல்லித்தராமல் விடுவது பெரும் துரோகம்.

இரண்டாவதாக, வயதுக்கேற்ற பொறுப்பைக் கையில் கொடுப்போம். வீட்டின் மாதக் கணக்கை எழுதுவது, பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, தம்பி தங்கைக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பது என எதுவாயினும் சரி. குடும்ப முடிவுகளில் அவர்களின் கருத்தைக் கேட்போம். மகனை அறுத்துப் பலியிடுவதாகக் கனவு கண்ட இப்ராஹீம் (அலை) அவர்கள், அந்த இளம் மகனிடமே 'உன் கருத்து என்ன' என்று கேட்டதை நாம் ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாளில் நினைவுகூர்கிறோம். ஆனால் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்பதைக்கூட மகனிடம் கேட்பதில்லை.

மூன்றாவதாக, உண்மை சொல்லும் பிள்ளையைத் தண்டிக்காதிருப்போம். தவறை ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடி, அழகாகப் பொய் சொன்ன பிள்ளைக்கு விடுதலை என்றால், 100ஆவது பகுதியின் பாடத்தை நாமே நம் வீட்டில் நடத்துகிறோம்.

நான்காவதாக, பிள்ளை எதைப் பார்த்தான் என்று அறிந்தால், கைபேசியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: 'அவனிடம் உனக்குப் பிடித்தது எது?' அந்த விடையிலிருந்து மூஸா (அலை) அவர்களிடமும் யூசுஃப் (அலை) அவர்களிடமும் அழைத்துச் செல்ல வழி பிறக்கும். தடுக்க வேண்டியதைத் தடுப்பது பெற்றோரின் கடமை. தடுத்த இடத்தில் எதையும் வைக்காமல் போவது கடமை தவறுதல்.

வானில் பறக்கும் வலிமை நம் பிள்ளைகளில் எவருக்கும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் பதினைந்து வயதில் அவர்களுக்கு வந்துசேரும் வலிமை கொஞ்சமன்று. கூர்மையான அறிவு, உறங்காத உடல், எதையும் நம்பித் துணியும் நெஞ்சம், கையில் உலகையே தொடும் ஒரு கருவி. இவை அனைத்தும் அமானிதம். கோபத்தில் தன்னை அடக்குபவனே உண்மையான வீரன் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். அந்த வீரத்துக்கு உடையும் தேவையில்லை, விண்கலமும் தேவையில்லை, பத்தாண்டுக் காத்திருப்பும் தேவையில்லை. இன்றைய ஃபஜ்ரிலேயே அதைத் தொடங்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை வலிமையும் நம்பகமும் ஒருசேரப் பெற்றவர்களாக ஆக்கி, அவர்களை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக்குவானாக! அவர்களின் இளமையைப் பற்றிய கேள்விக்கு அவர்களும், அவர்களை வளர்த்த விதத்தைப் பற்றிய கேள்விக்கு நாமும் நல்ல விடை கூற அருள்புரிவானாக! ஆமீன்.